விளையாட்டு மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். 1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான காலத்துக்குரிய நம் மன்றத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் மைதானத்தில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. கோடைப் பயிற்சி முகாமில் சிறுவர் சிறுமியருக்குக் கைப்பந்தும் பூப்பந்தும் கற்றுத் தரப்பட்டன. நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு மாதந்தோறும் அழைப்பு அனுப்பப்பட்டது. குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் கூட்டம் கலைந்த மாதங்கள் கூட்டப் பதிவேட்டில் அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளன.

இவ்வாண்டின் முதன்மையான பணி, மன்ற அறையில் விளையாட்டுச் சாமான்களுக்கென இரும்பு ரேக் ஒன்றை அமைத்ததாகும். “கடையில் ஒரு பீரோ வாங்கிப் போட்டால் முடிகிற காரியத்துக்கு இத்தனை மாதமா, இவ்வளவு செலவா?” என்ற பேச்சு என் காதுக்கும் வந்திருப்பதால், இதைச் சற்று விரிவாகவே விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பழைய மரப்பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டதும், வலைகளை எலி கடித்துவிட்டதும், பூப்பந்தின் கம்பளி நூலைப் பூச்சி அரித்ததும் உறுப்பினர்கள் அறிந்தவையே. பீரோ வாங்கினால் எலித் தொல்லை தீரும் என்பது உண்மைதான். ஆனால் வியர்வையில் நனைந்த கையுறைகளையும் பேடுகளையும் காற்றுப் புகாத தகரக் கதவுக்குள் வைத்துப் பூட்டினால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் அவை பூசணம் பிடித்துத்தான் வெளியே வரும். ஆகவே கதவுக்கு வெல்டு மெஷ் கம்பிவலை போடுவது என்றும், கீழே துடைப்பம் நுழைந்து கூட்டுமளவுக்கு அரையடி இடைவெளி விட்டுக் கால்களை நிறுத்துவது என்றும் முடிவு செய்தோம். சிறு சுண்டெலிக்குக் கம்பிவலை ஒரு பொருட்டல்ல என்பதால், வலைகளும் பூப்பந்துகளும் மட்டும் மூடியுள்ள தகர டப்பாக்களில், நன்றாக உலர்ந்த பிறகே வைக்கப்படுகின்றன.

ரேக்கின் உயரம் ஏழடி, அகலம் ஆறடி, ஆழம் ஒன்றரை அடி. இந்த அளவுகள் மனம்போன போக்கில் எழுதப்பட்டவை அல்ல. அடித்தட்டில் குண்டுகளும் வட்டுகளும் உள்ளன. ஆண்களுக்கான குண்டு 7.26 கிலோவும் பெண்களுக்கானது 4 கிலோவும் எடையுள்ளவை என்பதால், அவற்றை மேல்தட்டில் வைப்பது ரேக்கைத் தலைகனக்கச் செய்து, கீழே நிற்கும் பிள்ளைகளுக்கு ஆபத்தாகவும் முடியும். உருண்டு விழாமலிருக்க ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வளையம் பற்றவைக்கப்பட்டுள்ளது. அதற்கும் மேலாக, ரேக்கின் மேற்சட்டம் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. இந்த போல்ட்டுகளை வீண் செலவு என்று ஒருவர் எழுத்து மூலமாகவே தெரிவித்திருந்தார். கம்பிவலைக் கதவைக் கண்டால் ஏணி என்று நினைத்து ஏறும் வயதுப் பிள்ளைகள் நம் முகாமுக்கு வருகிறார்கள் என்பதை மட்டும் பதிலாகச் சொல்கிறேன்.

பந்துகளுக்குப் பலகை போடவில்லை. ஆறு அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு குழாய்களை, ஒரு பக்கம் சற்றே சரிவாக, ரேக்கின் முழு அகலத்துக்கும் ஓடவிட்டிருக்கிறோம். கால்பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 செ.மீ.; கைப்பந்து அதைவிடச் சற்றுச் சிறியது, கூடைப்பந்து சற்றுப் பெரியது; ஆறு அங்குல இடைவெளியில் மூன்றுமே விழாமல் அமர்கின்றன. தாழ்ந்த முனையில் ஒன்றை எடுத்தால் அடுத்தது தானே உருண்டு அந்த இடத்துக்கு வந்துவிடும். ஒரு வரிசையில் எட்டுக் கால்பந்துகள் அடங்குவதால், மேல்முனையில் தெரியும் காலியிடத்தைக் கொண்டே எத்தனை பந்து வெளியே போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கிரிக்கெட் மட்டைகள் தலைகீழாக நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. மட்டையின் நீளம் விதிப்படி 38 அங்குலத்துக்கும், அகலம் நாலேகால் அங்குலத்துக்கும் மிகக்கூடாது. எனவே இரண்டு அங்குலப் பிளவு கொண்ட சட்டத்தில் கைப்பிடியைக் கீழாக நுழைத்தால், மட்டை தன் தோள்பட்டையில் தங்கி நின்றுவிடுகிறது. ஈரம் ஏறிப் பிளவுபடுவது பெரும்பாலும் மட்டையின் நுனிதான். சிமெண்டுத் தரையில் ஊன்றி வைத்தே நாம் பல மட்டைகளைக் கெடுத்திருக்கிறோம். ஆண்களுக்கான ஈட்டி எட்டரை அடிக்கு மேல் நீளமுள்ளது. அது எந்த ரேக்கிலும் அடங்காது என்பதால், நீளச் சுவரில் மூன்று தாங்கிகள் அடித்துப் படுக்கை வாட்டில் வைத்துள்ளோம். இரண்டே தாங்கிகள் என்றால் நாளடைவில் நடுவில் தொய்வு விழக்கூடும்.

இதன் வரைபடம் மன்ற அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் ஒட்டப்பட்டிருந்தது. வாட்ஸ்அப் குழுவிலும் போடப்பட்டது. கட்டைவிரல் குறிகள் ஏராளமாக வந்தன. கருத்துக் கேட்பதற்கென்றே கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்களோ ஒரே பெஞ்சில் அமர்ந்தோம். ரெட் ஆக்சைடு பூசி, பச்சை எனாமலும் அடித்து, ரேக் அறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஆலோசனைகள் வரத் தொடங்கின. நிறம் பற்றி வந்தவையே அவற்றில் அதிகம்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரால் தனியே வைக்கப்படுகிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன என்று மட்டும் குறிப்பிடுகிறேன். ரேக்குக்கான தொகையில் ஒரு பகுதி நன்கொடையாகவும், ஒரு பகுதி சேமிப்பிலிருந்தும் கிடைத்தது. பட்டறைக்காரருக்குத் தர வேண்டிய மீதியை நிர்வாகி ஒருவர் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்திருக்கிறார். அவர் பெயரை இங்கே சொல்வது முறையாகாது. சந்தா முழுமையாக வசூலாகியிருந்தால் அதற்கு அவசியமே நேர்ந்திருக்காது. உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலரது பாக்கி முந்தைய ஆண்டுகளிலிருந்தே தொடர்கிறது. பந்தில் காற்று இல்லை என்று முதலில் புகார் சொல்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ரேக்கின் அளவுகள், நம் இருப்புப் பதிவேட்டில் உள்ள சாமான்களின் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. இப்போது பார்த்தால் மட்டைச் சட்டத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, ஈட்டித் தாங்கி ஒன்றும் அப்படியே. பதிவேட்டின்படி அவை தொலையவில்லை; போட்டிக்கென எடுத்துச் சென்ற உறுப்பினர்களின் வீடுகளில் இருக்கின்றன. கொண்டுவந்து சேர்ப்பவர்களிடம் எந்த விளக்கமும் கேட்கப்படாது. இனி எடுப்பவர் தம் பெயரையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட்ட பின்பே சாவி தரப்படும்.

நன்கொடையாளர்களுக்கும், மைதானத்தைத் தந்துதவும் பள்ளி நிர்வாகத்துக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், கூட்டங்களுக்குத் தவறாது வந்த சிலருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால், சாவியையும் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். அவருக்குக் காத்திருக்கும் முதல் வேலை அறையின் கூரைதான். ரேக்குக்கு நேர் மேலே இரண்டு ஓடுகள் விரிசல் விட்டுள்ளன. அக்டோபருக்குள் அவற்றை மாற்றாவிட்டால் மேலே சொன்ன ஏற்பாடுகள் எதனாலும் பயனில்லை. அதற்கான தொகை மன்றத்தின் கையிருப்பில் இல்லை. வர வேண்டிய சந்தாப் பாக்கியில் தாராளமாக இருக்கிறது. தேநீர் இடைவேளையின்போது பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாயிற்பக்கத்து மேசையில் இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்