இரண்டு காப்பி எடுத்து வை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ராத்திரி பதினொரு மணிக்கு இவ்வளவு நீளமாக வருகிறதே என்று பதறாதே, வீட்டில் எல்லாரும் சுகம்தான். அம்மா படுத்துவிட்டாள். சித்தப்பா வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்பதெல்லாம் அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஹார்ட் டிஸ்க் விஷயம். பைனல் புராஜெக்ட் புட்டேஜ் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பதாகப் போன தடவை பேச்சுவாக்கில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன் கணக்கில் ஆறாயிரம் போட்டிருக்கிறேன், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இன்னொன்று வாங்கிவிடு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் அலையக் கூடாது. ஒன்று ஹாஸ்டலில் இருந்தால் இன்னொன்று காலேஜில் இருக்க வேண்டும். ஷூட் முடிந்து வந்ததும் கார்டை பார்மட் பண்ணாதே. இரண்டு டிஸ்க்கிலும் காப்பி ஆகி, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பார்மட். எவ்வளவு தூக்கம் வந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று உங்கள் சார் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்ததை நீதான் எனக்கு வந்து சொன்னாய். சொன்ன நீயே ஒற்றை டிஸ்க்கில் வைத்திருந்தால் எப்படி?

நீ கூப்பிட்டு இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. கடையில் இருக்கிற காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். மெசேஜ் போட்டால் "ம்", "சாப்டேன்", "வேலை இருக்குப்பா". வேலை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அஞ்சு நிமிஷப் படத்துக்கு எத்தனை ராத்திரி போகும் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் வேலை மும்முரத்தில் இருக்கிற பிள்ளை சொல்கிற "ம்" வேறு மாதிரி இருக்கும் பாப்பா. அம்மா எதையும் கேட்காதீர்கள் என்கிறாள். நானும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. எடிட் ரூமில் ஏசியை ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டு உட்காராதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது.

உன் தீப்பெட்டிப் படத்தைப் பார்த்தேன். நீ அனுப்பவில்லை. சித்தப்பா மகன் அனுப்பித்தான் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து பெரிய மானிட்டரில் போட்டேன். ஒரு முகம்கூடக் காட்டாமல் வெறும் கைகளை வைத்தே ஏழு நிமிஷம். கட்டை அடுக்குகிற கை, பெட்டி ஒட்டுகிற கை, மருந்து பட்டுத் தோல் உரிந்த விரல். பின்னால் ஒரு பாட்டுக்கூட இல்லை, குச்சி சரசரக்கிற சத்தம் மட்டும். நானாக இருந்தால் கண்டிப்பாக ஒரு வீணையையோ புல்லாங்குழலையோ போட்டிருப்பேன். கோவில்பட்டியில் பிறந்து, சுற்றிலும் தீப்பெட்டி ஆபீஸாக இருக்கிற தெருவில் முப்பது வருஷமாகக் கேமராவோடு போய் வந்து, எனக்கு அந்தச் சத்தம் ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டே போனார். அவர் வீட்டிலும் பெட்டி ஒட்டியவர்கள்தானே.

இதை ஏன் நீ எனக்கு அனுப்பவில்லை? அப்பாவுக்குக் கல்யாண வீடியோதான் தெரியும், இது புரியாது என்று நினைத்துவிட்டாயோ என்று இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை.

மண்டபத்து டியூப் லைட்டில் ஷட்டரை 1/50-ல் வைத்தால்தான் படத்தில் பட்டை ஓடாது என்பதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டவன். ஏன் என்று தெரியாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு செகண்டுக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறது, ஷட்டர் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் உட்கார்ந்து நீ படம் போட்டுச் சொன்னாய். இருபது வருஷமாகக் கை செய்துகொண்டிருந்த காரியத்துக்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. "சரி சரி, கீழே போய்ப் படு" என்று மட்டும் சொன்னேன்.

டிஜிட்டல் மீடியா புரொடக்‌ஷனா, அதற்கு எதற்கு யுனிவர்சிட்டி, உங்கள் கடையிலேயே ஆறு மாசம் உட்கார்ந்தால் போதுமே என்று இன்னும் கேட்கிறார்கள். முன்பு நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன், பீஸ் கட்டும்போதெல்லாம் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. எடிட்டிங் கடையில் வரும், கேமரா கடையில் வரும், டிரோனைக்கூட ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஒருவரை எடுக்கும்போது அவரிடம் என்ன சொல்லி எடுக்க வேண்டும், எடுத்தது யாருடையது, அதை எத்தனை வருஷம் எப்படிக் காப்பது, இதெல்லாம் எந்தக் கடையிலும் வராது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 1993-ல் தரமணி இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒளிப்பதிவு படிக்க அப்ளிகேஷன் வாங்கி வந்தேனே, பி.சி.ஸ்ரீராம் படித்த இடம் என்று. அந்த அப்ளிகேஷன் இன்னும் பச்சை பீரோவில் இருக்கிறது. அதற்காகத் தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைய நிலைமை அப்படி. ஆச்சி சும்மா இருக்கவில்லை. அவள் காதில் கிடந்த பாம்படம் விலைக்குப் போன கதைதான் உனக்குத் தெரியுமே. அந்தப் பணத்தில்தான் பானசானிக் எம் 3000 வந்தது, அந்தக் கேமராதான் உன் அத்தைக்குக் கல்யாணம் செய்தது, நீ படிப்பதும் அதிலிருந்து வந்ததுதான்.

இதைச் சொல்லவே கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆச்சி பேரை எடுத்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ அந்த கேசட்டைக் கேட்டாய். கரிசல் காட்டுப் பெண்களின் பாட்டை வைத்து உன் படம், நடுவில் ஆச்சி, அவள் குரலிலேயே தொடங்கி அவள் குரலிலேயே முடிய வேண்டும் என்று சொன்னாய். நான் தேடிப் பார்க்கிறேன் என்றேன். அடுத்த வாரம் கேட்டாய், மாடிப் பெட்டியில் இருக்கும் என்றேன். அதற்கடுத்து பூஞ்சை பிடித்திருக்கும், லேபுக்குக் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். கடைசியாக நீ "பரவாயில்லப்பா, விடுங்க" என்றாய். அதற்குப் பிறகுதான் இந்த இருபத்திரண்டு நாள்.

கேசட் தொலையவில்லை. பூஞ்சையும் இல்லை. மேஜை இழுப்பறையில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடுதான் இருக்கிறது. இப்போதும் என் பக்கத்தில்தான் இருக்கிறது.

2006 பங்குனியில் எடுத்தது. மினி டி.வி. கேசட், அறுபது நிமிஷம். ஆச்சி களையெடுப்புப் பாட்டு இரண்டு, உன்னைத் தூங்கவைக்கிற தாலாட்டு, அப்புறம் ஒப்பாரி பாடினாள். வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது, பிள்ளை இருக்கிற வீடு என்று சொல்லிப் பின்னால் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் அம்மாவுக்குப் பாடியது, அப்புறம் யாருக்கு என்று பெயர் சொல்லாமல் ஒன்று. எடுத்து முடித்ததும் லேபிளில் "அம்மா பாட்டு" என்று எழுதினேன். அந்த கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பித்தான் இருக்கும், சேவ் பக்கம் தள்ளிவிட்டால் அதன் மேல் எதுவும் பதிவாகாது. அதையும் தள்ளித்தான் வைத்தேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. ஒரு மணி நேர கேசட் 13 ஜிபி. அன்று கடையில் இருந்தது 80 ஜிபி டிஸ்க், அதில் எப்போதும் நாலு கல்யாணம் எடிட்டுக்கு நிற்கும். இந்த முகூர்த்தம் போகட்டும், அடுத்த முகூர்த்தம் போகட்டும் என்று ஒரு வருஷம் போனது.

2007 வைகாசியில் கழுகுமலையில் ஒரு கல்யாணம். ஒரே நாளில் இரண்டு பார்ட்டி ஒத்துக்கொண்டிருந்தேன், பேராசைதான். ராத்திரி ரிசப்ஷனிலேயே கேசட் எல்லாம் தீர்ந்துவிட்டது. விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம், எந்தக் கடை திறந்திருக்கும்? பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு கேசட் இருந்தது. எப்படி அங்கே வந்தது என்று கேட்காதே, நான்தான் ஏற்றலாம் என்று கடைக்கு எடுத்துப்போய் அங்கேயே விட்டிருந்தேன். லேபிளைப் படித்தேன் பாப்பா. படிக்காமல் போட்டுவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். மண்டபத்துப் படிக்கட்டு விளக்கில் "அம்மா பாட்டு" என்று படித்தேன். கெட்டிமேளம் கேட்கப்போகிறது, பெண் வீட்டார் "வீடியோ எங்கே" என்று கத்துகிறார்கள். அம்மா வீட்டில்தானே இருக்கிறாள், இன்னொரு நாள் உட்காரவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நகத்தால் அந்தப் பித்தானை இந்தப் பக்கம் தள்ளினேன்.

இன்னொரு நாள் வரவில்லை. ஆவணி, ஐப்பசி, தை என்று முகூர்த்தங்கள் வந்தன. நடுவில் ஒரு நாள் ஆச்சி என்னிடம், "அந்தப் பாட்டப் போடேன்யா, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றாள். கேசட் மதுரை லேப்பில் இருக்கிறது என்றேன். 2008-ல் அவளுக்கு வலது பக்கம் விழுந்தது, வாய் கோணியது. அதற்குப் பிறகு 2011 வரைக்கும் அவள் பேசியதை நீ கேட்டிருக்கிறாய். உனக்கு அந்த ஆச்சியைத்தான் தெரியும். பாடின ஆச்சியை உனக்கு நான் வைத்திருந்து, நானே அழித்துவிட்டேன். பாம்படத்தைக் கழற்றிக் கேமரா வாங்கிக் கொடுத்தவளை, அந்தத் தொழிலை வைத்தே அழித்தேன். நம் பக்கத்து இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு கி.ரா. கிழவன் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டுக் கதைகளைத் திரட்டினார். அவர் கையில் இருந்தது பேனாதான். என் கையில் கேமராவே இருந்தது.

அம்மாவுக்கும் இது தெரியாது. நீ சொல்ல வேண்டாம், நானே நாளைக்குச் சொல்கிறேன்.

நேற்று கேசட்டைப் போட்டுக் கடைசிவரை ஓட்டினேன். கல்யாணம் ஐம்பத்தெட்டு நிமிஷத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் ஆச்சி இருக்கிறாள். பாட்டு இல்லை, பாடி முடித்து எழுந்த பிறகு. முந்தானையில் விழுந்த வேப்பம்பூவைத் தட்டிவிடுகிறாள், பாயைச் சுருட்டுகிறாள். ஓரத்தில் மூன்று வயசுப் பிள்ளை அந்தப் பாய்க்குள் நுழையப் பார்க்கிறது, அது நீ. ஆச்சி கேமராவைப் பார்த்து, "எல்லாத்தையும் எடுத்துட்டியாய்யா" என்று கேட்கிறாள். "எடுத்துட்டேம்மா" என்று என் குரல் சொல்கிறது. அவ்வளவுதான்.

இப்போது சில செகண்ட் குரல் இருந்தால் ஏஐயில் போட்டு எதை வேண்டுமானாலும் பாடவைக்கலாம் என்று பொங்கலுக்கு நீ சொன்னாய். உன் படம், உன் முடிவு. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஒப்பாரியில் எந்த இடத்தில் மூச்சு விடுவாள், எந்த இடத்தில் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பப் பிடிப்பாள் என்பது இந்த ஒரு நிமிஷம் நாற்பது செகண்டில் இல்லை.

சின்ன ஆச்சி இளையரசனேந்தலில் இருக்கிறாள். எண்பத்து மூன்று வயசு, காது மந்தம், பாட்டு பாதிக்குப் பாதி ஞாபகம் இருக்கிறது. போன மாசம் போனபோது களையெடுப்புப் பாட்டில் முதல் நாலு அடி சொன்னாள். ஆச்சியும் அவளும் சேர்ந்து பாடியதுதான். நீ வந்தால் கூட்டிப்போகிறேன். ரெக்கார்டரும் காலர் மைக்கும் கொண்டு வா, ஃபேனை நிறுத்திவிடலாம், பக்கத்து வீட்டு மோட்டாரை நான் பேசி நிறுத்திவைக்கிறேன். ஆனி வரை தள்ளாதே. இந்த மாசமே வா. பரீட்சை இருந்தால் முடிந்த மறுநாள் வா.

கேசட்டை இனி நான் ஓட்டப்போவதில்லை. என் கேமராவில் ஹெட் தேய்ந்துவிட்டது, நேற்றே இரண்டு தடவை சிக்குகிற மாதிரி இருந்தது. உங்கள் டிபார்ட்மென்டில் கேசட் ஓட்டுகிற நல்ல டெக்கும், அதிலிருந்து ஏற்றிக்கொள்ள பயர்வயர் இணைப்பு இருக்கிற கம்ப்யூட்டரும் இருக்கிறதா என்று கேட்டு வை. கூரியரில் போட எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி நானே கொண்டுவருகிறேன். கடலைமிட்டாயும் கொண்டுவருகிறேன், உன் ரூம் பிள்ளைகளுக்கும் சேர்த்து. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், கேசட்டை வாங்கிக்கொண்டு போ, நான் அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன்.

ஞாயிறு காலையில் எழும்பூரில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வராதே, தூங்கு. எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட்டில் நிற்கிறேன். அதற்குள் அந்த இரண்டாவது டிஸ்க்கை வாங்கிவிடு.

அப்பா