ரெண்டு மாசமா ஒரு பாயிண்ட்டைத் தாண்டாத மாடல் ரயில் லோகோ – ஏழாவது மெயில்

வணக்கம் சார் / மேடம்,

முதல் ஆறு மெயிலுக்கும் "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது"ன்னு தானா வர்ற பதில்தான் வந்துச்சு. இதையாவது ஒரு மனுஷன் படிங்க ப்ளீஸ். ஃபோன் பண்ணினது 11 தடவை, தேதி டைம் எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

ஆகஸ்ட்ல உங்ககிட்ட டி.சி.சி. டிகோடர் (டிஜிட்டல் உத்தரவை வாங்கி மோட்டாரை ஓட்டுற சின்ன சர்க்யூட்) போட்ட அந்த டபிள்யூ.டி.எம். 3ஏ டீசல் இன்ஜின் மாடல் லோகோவும், ரெண்டு பாயிண்ட்டும் (தண்டவாளம் பிரியற இடத்துல வண்டியை வழி மாத்துற பாகம்) வாங்கினேன். லோகோ மட்டும் 18,500 ரூபாய். உங்க மாடல் உங்களுக்குத் தெரியும், ஆனா புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்னு விளக்கி எழுதுறேன். பெயிண்ட்டு, எழுத்து, ஹெட்லைட் எல்லாம் அம்சமா இருக்கு, அதுல பொய் சொல்ல மாட்டேன். நேர் லைன்ல ஓடுது, வளைவுல ஓடுது, பாயிண்ட்ல ஏறினா மட்டும் டக்குனு ஒரு சத்தம், பின் போகி (லோகோவுக்கு அடியில பின்பக்கச் சக்கரங்கள் இருக்கிற பகுதி) தூக்கிக்கிட்டு கீழ இறங்கிடுது, உடனே ஷார்ட் ஆகி மொத்த லேஅவுட்டும் (வீட்டுல நான் போட்டு வச்சிருக்கிற குட்டி ரயில் பாதை) நின்னுடுது. பத்து தடவை விட்டா எட்டு தடவை இதே கதை. அதே பாயிண்ட்ல என் பழைய லோகோ வழுக்கிக்கிட்டு போகுது, அதனால பாயிண்ட் மேல பழி போடாதீங்க, அதையும் உங்க ஆளு ஒருத்தர் போட்டுப் பாத்துட்டாரு.

எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல கோச் பக்கம் ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவரு. அவர்தான் வண்டியைக் குப்புறப் போட்டு பாத்துட்டு "டேய் வீல் கேஜ் அளந்தியா"ன்னு கேட்டாரு. அவரோட வெர்னியர் காலிப்பரை எடுத்து ஆறு ஆக்ஸிலையும் (ஒரு ஜோடி சக்கரத்தை இணைக்கிற தண்டு) அளந்தோம். அஞ்சு ஆக்ஸில்ல சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல உள்பக்கத் தூரம், அதான் வீல் கேஜ், 14.4 மில்லிமீட்டர் காட்டுது, ஹெச்.ஓ.வுக்கு (நிஜ ரயில்ல 87ல ஒரு பங்கு சைஸ் மாடல்) அதான் சரி. பின் போகி நடு ஆக்ஸில் மட்டும் 13.8. சக்கரத்தோட உள்பக்கம் செக் ரெயில்ல (பாயிண்ட்ல சக்கரம் வழி தப்பாம பிடிச்சு வைக்கிற உள் தண்டவாளம்) இடிச்சு ஏறுது, அவ்வளவுதான் விஷயம். ஃபோட்டோ எடுத்து, காலிப்பர்ல நம்பர் தெரியுற மாதிரி, மூணாவது மெயில்லயே அனுப்பியாச்சு. நிஜ கோச்சுக்கு அந்த அளவு 1600 மில்லிமீட்டர், கூடினா 2, குறைஞ்சா 1, அதுக்கு மேல போனா வண்டியை வெளிய விட மாட்டோம்னு அப்பா சொல்றாரு. நீங்க 87ல ஒரு பங்கு சைஸ்ல 0.6 விட்டிருக்கீங்க, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

இதுக்கு உங்க ஆளுங்க என்ன சொன்னாங்க தெரியுமா? டிகோடரை ரீசெட் பண்ணணுமாம். சக்கரம் கோணலா இருக்கு சார்னு சொன்னா சி.வி. 8ல (டிகோடர்ல இருக்கிற ஒரு செட்டிங்) 8 போடுங்கன்னு பதில். அஞ்சு தடவை போட்டேன். ரீசெட் பண்ணினா லோகோவோட அட்ரஸ், அதாவது கன்ட்ரோலர்ல அதைக் கூப்பிடுற நம்பர், திரும்ப 3க்கு வந்துடும்னு உங்களுக்குத் தெரியாதா? என் பழைய லோகோவும் 3தான், நான் மாத்தாம வச்சிருந்தேன். ஒண்ணை ஓட்டப் போக ரெண்டும் சேர்ந்து கிளம்பி, பழசு போய் இதோட பின்னாடி முட்டி, லேஅவுட்ல நான் கட்டின காவிரிப் பாலத்துல ரெண்டு கர்டர் போச்சு. ஸ்ரீரங்கம் போற லைன்ல வர்ற பாலத்தைப் பாத்துப் பாத்து ஐஸ் குச்சிலயும் அட்டைலயும் மூணு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து பண்ணினது அது. அதுக்கு என்ன விலை போடுவீங்க?

செப்டம்பர்ல உங்க ஆளு ஒருத்தர் பேசின ஃபோன் கால் பத்தி சொல்லாம விட முடியாது. பேர் வேணாம், ரெக்கார்டிங் உங்ககிட்டயே இருக்கும். "சார், எங்க கஸ்டமர்ஸ் எல்லாம் குழந்தைங்களுக்குத்தான் வாங்குறாங்க, யாரும் சக்கரத்தை அளந்து பாக்கறது இல்ல, டாய் ட்ரெயின்தானே, அந்த இடத்துல கையால லேசா தள்ளி விட்டுடுங்க"ன்னாரு. கையால தள்ளி விடணுமாம்! ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அப்பா பக்கத்துல கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஒண்ணும் பேசல, காலிப்பரைத் துடைச்சு டப்பால வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

நான் ஒண்ணும் நியாயம் இல்லாம பேசுற ஆள் இல்ல. நம்ம பிராட்கேஜ் (நிஜ ரயிலோட ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி) 1676 மில்லிமீட்டர், 87ஆல வகுத்தா 19.3 கிட்ட வரணும், நீங்க விக்கிற தண்டவாளம் 16.5தான். ஹெச்.ஓ. தண்டவாளம் எங்க வாங்கினாலும் அந்த அளவுதான்னு நானும் ஒத்துக்கிட்டுத்தானே வாங்கினேன். அதைப்பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா?

அப்புறம் சென்னை. "நேர்ல கொண்டாங்க சார், அரை மணி நேர வேலை"ன்னு சொன்னது நீங்க. லீவு போட்டு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ்ல நைட் ஏறி லோகோ டப்பாவைத் தலைக்கு வச்சா நசுங்கிடும்னு நெஞ்சு மேல வச்சுக்கிட்டு எக்மோர் வந்து இறங்கினேன். வழியில எத்தனை ஸ்டேஷன், எத்தனை பாயிண்ட், அந்த வண்டி ஒண்ணுலயும் இறங்கல பாருங்க. நீங்க குடுத்த அட்ரஸ்ல இருந்தது ஒரு குடோன். பாதி ஷட்டர் இறக்கி இருந்துச்சு. வாட்ச்மேன்தான் "இன்ஜினியர் செவ்வாக்கிழமை மட்டும்தான் வருவாரு தம்பி"ன்னாரு. நான் போனது வியாழன். அந்த நாளை நானா பாத்துப் போகல, உங்க மெயில்ல போட்டிருந்த நாள் அது. வாட்ச்மேன் ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு, உங்க கம்பெனில என்கிட்ட மரியாதையா பேசின ஒரே ஆள் அவர்தான், அவருக்கு ஏதாச்சும் செய்யுங்க.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு லேஅவுட்டுக்கும் பொட்டு வச்சு பொரி கடலை வச்சு காலனி பசங்களை எல்லாம் கூப்பிட்டு ஓட்டிக் காட்டுவோம். இந்த வருஷம் புது லோகோன்னு ஒரு மாசமா சொல்லி வச்சிருந்தேன். முப்பது பசங்க முன்னாடி நாலு தடவை கீழ விழுந்துச்சு. "அங்கிள் இது ஆக்சிடென்ட் ட்ரெயினா"ன்னு ஒரு வாண்டு கேக்குது. மானமே போச்சு சார். லோகோ, பாலம், டிக்கெட், லீவு, மன உளைச்சல் எல்லாம் சேத்தா ஒரு லட்சத்துக்குக் குறையாது.

நான் கேக்கறது சின்ன விஷயம். சரியா அளந்து பாத்த வேற லோகோ குடுங்க, இல்லன்னா முழுப் பணத்தையும் திருப்பிக் குடுங்க. தயவுசெஞ்சு 7 நாளுக்குள்ள. உங்க மேல இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கு, அதனால கேட்டு எழுதுறேன். அதுக்கு மேல ஆச்சுன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிப்பேன், அப்புறம் நேரா கன்ஸ்யூமர் கோர்ட்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது, விசாரிச்சாச்சு. திருச்சிக்கு நீங்க வந்து நிக்கணும், அப்ப தெரியும் அலையறதுன்னா என்னன்னு.

லோகோவை இனிமே நான் எங்கயும் தூக்கிக்கிட்டு வர மாட்டேன், குரியரும் பண்ண மாட்டேன். ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல வரச் சொல்லுங்க, காலிங் பெல் வேலை செய்யாது, கேட்டைத் தட்டணும். அப்பாதான் திறப்பாரு, அவர்கிட்ட டாய் ட்ரெயின்னு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லி அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க பில்லுல பேர் இருக்கிற கஸ்டமர், பொன்மலை, திருச்சி