காலநிலை மாநாட்டில் நமக்காகப் பேசுகிறவர்களுக்கு, கணக்கு எழுதுகிற ஒருத்தியின் மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஆண்டுதோறும் ஐ.நா. காலநிலை மாநாட்டில் இந்தியாவுக்காகப் பேசுகிறவர்கள் நீங்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் நீரோடிக்கும் இடையில் உள்ள ஒரு மீனவ ஊரில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக ஊர்ச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, யாருக்கு எத்தனை பங்கு, யாருக்கு எவ்வளவு கடன். உங்களிடமும் ஒரு கணக்கைப் பற்றித்தான் பேச வருகிறேன்.

2017 நவம்பர் 29 காலையில் அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் புயல், பெயர் ஓகி. மலையடிவாரத்தில் ரப்பரும் வாழையும் அடியோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். போனால் நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில் வர மாட்டார்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் எந்தச் செய்தியும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு நான் நோட்டு எழுதினேன். பெயர், வயது, படகு எண், கடைசியாகப் போனில் பேசிய நேரம். முதல் இரண்டு நாள் பெண்கள் வரிசையில் நின்று சத்தமாகச் சொன்னார்கள். நான்காம் நாளுக்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வந்து, நோட்டில் தங்கள் வீட்டு வரி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தவர்களின் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு கோடு போட்டேன். கோடு விழாத பெயர்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்த நோட்டு என் பீரோவில்தான் இருக்கிறது.

அந்த மாதம் 18-ஆம் தேதி காலையில்தான் ஜெர்மனியின் பான் நகரில் 23-ஆவது காலநிலை மாநாடு முடிந்திருந்தது என்பதைப் பின்னால் படித்தேன். தலைமை வகித்தது பிஜி, எங்களைப் போலவே கடலை நம்பியிருக்கிற நாடு. அந்த மாநாடு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இங்கே நான் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இந்த உடன்படிக்கைகளை உட்கார்ந்து படிக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

ஓகி முழுக்க முழுக்கப் புவி சூடானதால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு தனிப் புயலுக்கு அப்படிக் காரணம் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. சூடான கடல் புயலுக்குத் தீனி. இது உங்கள் விஞ்ஞானிகள் சொல்வதுதான்.

படித்ததில் சிலவற்றை என்னால் நம்பவே முடியவில்லை. 1992-இல் ரியோவில் முதல் உடன்படிக்கை. 1997-இல் கியோட்டோ. அதில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரை ஏற்கவில்லை. அடுத்து, கியோட்டோவுக்குத் தோஹாவில் செய்த திருத்தம், 2013 முதல் 2020 வரைக்கும் பணக்கார நாடுகள் புகையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்வது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2020 டிசம்பர் 31. தவணை முடிகிற அதே நாள்! எங்கள் சங்கத்தில் தவணை முடிகிற அன்று யாராவது கடன்சீட்டு கொண்டுவந்தால் நான் அதைப் பேரேட்டில் ஏற்ற மாட்டேன். 1992-இல் காற்றில் பத்து லட்சத்துக்கு 356 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-இல் 420-ஐயும் தாண்டிவிட்டது.

சரி, நம் நாட்டின் பக்கத்துக்கு வருகிறேன். இந்தியர் ஒருவரின் பங்குக்கு வருகிற கரியமில வாயு, அமெரிக்கர் ஒருவருடையதில் ஏறத்தாழ ஏழில் ஒன்று. அதனால் நீங்கள் அங்கே நீதி கேட்பது சரிதான். 2024-இல் பாகுவில், வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் நிதி என்று அவசரமாகத் தீர்மானத்தை முடித்தபோது, இது போதாது, ஏற்க முடியாது என்று இந்தியா எழுந்து சொன்னது. செய்தியில் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கொடுத்த வாக்கையும் நாம் காப்பாற்றுகிறோம். மொத்த மின் திறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத மின்நிலையங்களுடையதாக இருக்கும் என்று 2030-க்குச் சொன்னதை 2025-லேயே எட்டினோம். அதில் எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் முப்பந்தல் காற்றாலைகளும் சேர்ந்திருக்கின்றன.

2024 டிசம்பர் 30-இல் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த ஈராண்டு அறிக்கை போன்றவற்றில் புகைக்கு எப்படிக் கணக்கு எழுதுகிறார்கள் என்று பார்த்தேன். தொழில் சார்ந்த ஆசை. அசந்துபோனேன். மாடு அசைபோடும்போது விடுகிற மீத்தேனுக்குக் கணக்கு உண்டு. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் கட்டுகிற வயலில் உண்டாகும் வாயுவுக்குக் கணக்கு உண்டு. எங்கள் விசைப்படகு எரிக்கிற டீசலும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் எங்கோ இருக்கிறது.

அந்தப் படகே மூழ்கினால்? அதை இதே துல்லியத்தோடு எழுதுகிற பேரேடு எதுவும் இல்லை. நிவாரணத்துக்கு எழுதுகிற கணக்கு வேறு. விதி எதற்குப் பணம் கொடுக்க அனுமதிக்கிறதோ அதை மட்டும்தான் அது கேட்கும். ஓகிக்குப் பிறகு நான் நிரப்பிக் கொடுத்த படிவம் ஒன்றில் படகுக்குக் கட்டம் இருந்தது, வலைக்கு இருந்தது. தூண்டில் கயிறு, ஜிபிஎஸ், வயர்லெஸ், ஐஸுக்கும் டீசலுக்கும் வாங்கிய முன்பணம், இதற்கெல்லாம் இடமே இல்லை. ஓரத்தில் எழுதினேன். ஓரத்தில் எழுதியதை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். உடல் கிடைக்காததால் அடக்கமே நடக்காத வீட்டுக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஓகிக்கு அப்புறம் கடல் பக்கமே போகாமல் வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்ட பையன்களை எங்கே எழுதுவது?

2015-இல் வந்த பாரிஸ் உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு இழப்பையும் சேதத்தையும் பற்றிப் பேசுகிறது. காசில் அளக்க முடியாத இழப்பையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அதே நாளில் ஏற்ற தீர்மானத்தின் 51-ஆவது பத்தி, இந்தப் பிரிவை வைத்து யாரும் பொறுப்போ நஷ்டஈடோ கோர முடியாது என்று சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன ஆலோசனைக் கருத்துதான் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. கடமை தவறுகிற நாடு ஈடு செய்ய வேண்டி வரலாம் என்று அது சொல்கிறது. ஈடு கேட்கப் போகிற இடத்தில் முதலில் கேட்பார்கள்: எவ்வளவு போனது, எழுதி வைத்திருக்கிறாயா?

காலநிலையால் அடிபடுகிற வளரும் நாடுகளுக்கான இழப்பு நிதியைச் செயல்படுத்துவதென்று துபாய் மாநாட்டில் முடிவானது 2023 நவம்பர் 30. அன்று எங்கள் கோயிலில் ஓகியில் போனவர்களுக்கு ஆறாம் ஆண்டுத் திருப்பலி. இரவு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் இந்தச் செய்தி. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நிதியின் முதல் கட்டம் உலகம் முழுமைக்கும் 25 கோடி டாலர், அதில் பாதியாவது சிறு தீவுகளுக்கும் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும். அவர்கள் நிலைமை எங்களைவிட மோசம், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் இந்தியா பெரிய நாடு என்பதற்காக இந்தியாவின் கரையில் நிற்கிறவள் பெரிய ஆள் ஆகிவிட மாட்டாள். உலகத்தின் முன்னால் இந்தியா எந்த இடத்தில் நின்று நீதி கேட்கிறதோ, இந்தியாவின் முன்னால் நாங்கள் அதே இடத்தில் நிற்கிறோம்.

எங்கள் பக்கம் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, திடீரென்று கடல் ஏறி வீட்டுத் திண்ணை வரைக்கும் வரும். பல ஆயிரம் கிலோமீட்டருக்குத் தெற்கே அடித்த புயல் எழுப்பிய அலை அது. காற்று அடித்தது எங்கோ, திண்ணை இடிவது இங்கே. கடல்மட்டமும் ஏறிக்கொண்டே போகிறபோது அந்த அலை இன்னும் உள்ளே வரும். இதற்கு எங்களுக்குக் கிடைப்பது, கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டுக் கட்டுகிற ஒரு தூண்டில் வளைவு. அதுவும் ஒரு ஊரைக் காப்பாற்றிவிட்டுப் பக்கத்து ஊரின் மணலை அரித்துக்கொண்டு போகிறது.

நான் கேட்பது இதுதான். கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு இழப்புப் பேரேடு வையுங்கள். புகைக்குக் கணக்கு எழுத விதிமுறை வகுத்தது போல இதற்கும் வகுங்கள். வகுக்கும்போது கடலுக்குப் போகிறவர்களையும் மீன் விற்கிற பெண்களையும் கூட உட்கார வையுங்கள். அந்தக் கணக்கு இந்தியாவின் அறிக்கையில் ஒரு அத்தியாயமாகப் போகட்டும். நிதி வந்தால் ஊர்களே நேரடியாக விண்ணப்பிக்க வழி கேளுங்கள். அப்புறம், நம் நாடு கொடுத்த வாக்குறுதிகளைத் தமிழில் அச்சடித்து எங்கள் ஊர்களுக்கு அனுப்புங்கள். படிக்க ஆள் இருக்கிறார்கள்.

பாரிஸ் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2016 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில். அதே நாள் உச்சிவேளையில், கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அவர் அஸ்தி வைத்திருந்த இடத்தில் சூரிய ஒளி நேராக வந்து விழும். பார்க்கக் கூட்டம் கூடும். இந்த வருடம் அக்டோபர் 2-க்கு நீங்களும் வாருங்கள். அங்கிருந்து எங்கள் கரைக்கு மேற்கே இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நோட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்களிடமும் அவர்கள் எழுதிய நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுகிறவள்