அந்த அணுக்கள் கொலைகாரர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர் கருச்சிதைவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தாயின் ரத்தத்தில் உள்ள ‘கொலைகார அணுக்கள்’ கருவைத் தாக்கி அழிப்பதாக ஒரு வரி இருந்தது. இரண்டு முறை கரு கலைந்த என் அக்கா மகளிடம் சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்திலும் இதையேதான் சொன்னார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்டாள்: “சித்தி, என் ரத்தமே என் பிள்ளையைக் கொன்னுடுச்சா?”

நான் 31 வருடம் லேபில் வேலை பார்த்தவள். ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் 100 வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவது அன்றாட வேலை. அவற்றுள் சில, சற்றுப் பெரியவை; ஊதா உட்கரு, சுற்றிலும் வெளிர் நீலம், அதில் பொடிப்பொடியாகச் சிவந்த மணிகள். இந்த என்கே (‘நேச்சுரல் கில்லர்’, அதாவது இயற்கைக் கொலையாளி) செல்களைத்தான் கொலைகாரர்கள் என்கிறார்கள். 1975-ல் ஸ்வீடனில், எலியின் ரத்தப் புற்றுச் செல்களை இவை கொல்வதைப் பார்த்து வைத்த பெயர் அது. புற்றுக்குச் சரி. கர்ப்பப்பையில் இவற்றின் வேலையே வேறு.

முதல் மூன்று மாதங்களில் கர்ப்பப்பையின் உள்படலத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் என்கே வகைதான். இவை கருவைக் கொல்வதில்லை. அங்குள்ள சுருள் ரத்தக்குழாய்களைச் சுற்றிக் கூடி, அவற்றின் இறுக்கமான தசைச்சுவரைத் தளர்த்திக் கொடுக்கின்றன. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் செல்கள் மீதி வேலையை முடித்துக் குழாயை அகலமாக்குகின்றன. இந்த வேலை நடக்கும்போது அதே செல்கள் குழாயின் வாயைத் தக்கை போல அடைத்தும் வைக்கின்றன. அதனால் சுமார் 10, 12 வாரம் வரை தாயின் சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. கருவுக்கு அதுவரை கர்ப்பப்பைச் சுரப்பிகளின் சத்துதான் ஆகாரம். அந்த வயதில் ஆக்சிஜன் அதிகமானாலும் கருவுக்கு ஆகாது. எவ்வளவு பொறுமையான ஏற்பாடு பாருங்கள்!

என்கே செல்களே இல்லாத எலிகளில் இந்தக் குழாய்கள் ஒழுங்காக விரிவதில்லை. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வும் அந்தப் பக்கம்தான் பேசுகிறது: தாயின் மரபணுவும் கருவின் மரபணுவும் சேர்ந்து தாயின் என்கே செல்களை அதிகம் அடக்கிவிடும் வகையான பொருத்தத்தில்தான், கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்ளாம்சியா கூடுதலாக வந்தது. அவை அடங்கிக் கிடப்பதுதான் ஆபத்து!

அப்படியிருக்க, கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் இவற்றை எண்ணி என்ன தெரியும்? கர்ப்பப்பையில் இருப்பவை குணத்திலேயே வேறு. ரத்தத்தில் உள்ள எண்ணிக்கையோ மாடிப்படி ஏறினால்கூட மாறும். தொடர் கருச்சிதைவுக்காக எஷ்ரே என்ற ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் தந்த வழிகாட்டுதலிலும் இந்தச் சோதனைக்குப் பரிந்துரை இல்லை. என் அக்கா மகளுக்கோ அந்த எண்ணிக்கையை வைத்தே, அந்தச் செல்களை அடக்குவதற்கென்று, சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த வெள்ளை டிரிப்பை மூன்று முறை ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பில்.

ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைபவை. அப்புறம், ரத்தம் உறைவதைக் கூட்டும் எதிர்ப்பொருள் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்ட்டிபாஸ்போலிபிட் சோதனை என்று ஒன்று உண்டு. 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். அது பாசிட்டிவ் என்றால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. தைராய்டும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட அவளுக்குச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையிலும் இவை இல்லை.

தயவுசெய்து அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். சிறிய எழுத்தில் ஒரு மூலையில் வேண்டாம். அவள் மாமியாரும் உங்கள் இதழைப் படிப்பவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
பெரம்பூர், சென்னை.