30 நம்பர் நட்

பொகவந்தலாவை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன்,

நேற்று போனில் சிக்னல் விட்டு விட்டுப் போனது. நான் சொன்னதில் பாதி உனக்கு விளங்கியிருக்காது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொரோலாவின் முன்வீல் நடுவில் இருக்கும் அக்ஸல் நட்டைக் கழற்ற, கைப்பிடியில் மாட்டிய பைப்பை எட்டி இழுத்தபோது, நட்டைக் கவ்வும் சொக்கட் நழுவி முழங்கை மட்கார்டில் அடிபட்டது என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி இல்லை. வீக்கம் வற்றும்வரை அந்த நட்டைத் தொடாதே. வண்டி நின்றால் நிற்கட்டும்.

நீ கண்டுபிடித்தது சரிதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது வீல் பக்கம் டக் டக் என்று கேட்டால் அக்ஸல் ஜொயின்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே கினிகத்தேனை ஏற்றத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர வேண்டாம். மாற்றத்தான் வேண்டும், அதற்கு முதலில் அந்த நட் கழல வேண்டும். ஆனால் இரண்டு மணி நேரமாக மிதித்தும் அசையவில்லை என்றால், இன்னும் பலமாக மிதிப்பது அதற்கு வழி இல்லை.

நட்டைப் பிடித்து வைத்திருப்பது இறுக்கம் மட்டுமல்ல, துருவும்தான். இரும்பு துருப்பிடித்தால் முன்னைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும். புரிக்குள் அப்படி ஊதினால், இடுக்கில் ஆப்பு அடித்த மாதிரி இறுகிப்போகும். நீர்கொழும்பில் கடற்காற்று வேறு. இங்கே எங்கள் தோட்டத்து லொறிக்கு உப்புக்காற்று கிடையாது, ஆனால் உர மூட்டை ஏற்றி ஏற்றி, மழையில் நனைந்து நனைந்து, அதே கதிதான்.

அந்த லொறியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியாது. நான் கராஜில் கையாளாகச் சேர்ந்த புதிது. இடது பக்கத்து வீல் கழற்ற வேண்டும். நானும் இன்னொரு பையனும் நீளப் பைப்பைப் போட்டு, இரண்டு பேரும் அதன்மேல் ஏறி நின்றோம். படார் என்று ஒரு போல்ட் முறிந்தது. நட்தான் கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். இரண்டாவதும் முறிந்தது. பெரிய பாஸ் வந்தார், ஏசவில்லை. அடுத்த போல்ட்டின் முனையில் இருந்த சேற்றையும் துருவையும் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். துருவுக்குக் கீழே சின்னதாக ‘எல்’ எழுத்து தெரிந்தது. அந்தக் காலத்து யப்பான் லொறிகளில் இடது பக்கத்து வீல் நட்டுகளுக்கு மாற்றுப் புரி, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நாங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தோம்! அன்றையிலிருந்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்காமல் ஒரு நட்டிலும் நான் ஸ்பேனர் வைத்ததில்லை.

உன் கொரோலாவில் இரண்டு பக்கமும் சாதாரணப் புரிதான், பயப்படாதே. ஆனால் பிரஷ் போடு. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரியைத்தான் முக்கியமாகத் தேய்க்க வேண்டும், கழன்று வரும் நட் அந்த வழியாகத்தானே வர வேண்டும். நட் சுழன்றுவிடாமல் அக்ஸல் முனையில் குறுக்கே போகும் பின்னையும் பார். அது துருவேறி உடைந்து, பாதித் துண்டு துளைக்குள்ளேயே நின்றால், நட் அதைத் தாண்டும்போது புரியை அறுத்துவிடும். மெல்லிய ஆணியால் தட்டி முழுசாக வெளியே எடுத்துவிடு.

அப்புறம் ஒயில். நாங்கள் டீசலில் துணியை நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி, இரவு முழுக்க விட்டுவிடுவோம். ஓட்டோ கியர் வண்டிக்கு ஊற்றும் ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் இன்னும் நன்றாக உள்ளே இறங்கும். ஊற்றுமுன் ஒவ்வொரு தடவையும் குலுக்கிக்கொள், அது சட்டென்று தீப்பிடிக்கும் சாமான், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. மாலையில் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. நடுவில் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டு. பலமாக வேண்டாம், கதவைத் தட்டுகிற மாதிரி. அந்த அதிர்வில் துரு வெடித்து ஒயிலுக்கு வழிவிடும். அக்ஸல் முனையில் மட்டும் அடித்துவிடாதே, புரி மழுங்கிவிடும்.

கழற்றும்போது வண்டியை ஜாக்கில் தூக்காதே. நாலு வீலும் நிலத்தில் இருக்கட்டும், நடுமூடியை மட்டும் எடு, பின்வீல்களுக்குக் கல் வை, மருமகளை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல். சொக்கட் ஆறு மூலையாக இருக்க வேண்டும். உன்னிடம் இருக்கும் பன்னிரண்டு மூலைச் சொக்கட்தான் நழுவியிருக்கும். டக் டக் என்று திரும்பும் ராச்சட்டும் வேண்டாம், உள்ளே பல் உடையும். கைப்பிடி உன் இடது பக்கம் நீட்டியிருக்க, மேலிருந்து கீழே அழுத்து.

கம்பனி சொல்லும் இறுக்கம் 216 நியூட்டன் மீட்டர். 30 சென்ரிமீற்றர் கைப்பிடியில் அதற்கு 73 கிலோ பாரம் வேண்டும். பைப்பைப் போட்டு ஒரு மீற்றராக்கினால் 22 கிலோ போதும். துரு பிடித்தது அதைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்கும், அப்போதும் ஒரு மீற்றரில் உன் உடம்புப் பாரம் போதும். துள்ள வேண்டியதில்லை. சொக்கட் சரியாமல் இருக்க அதற்குக் கீழே ஒரு பலகைத் துண்டை முட்டுக் கொடு. முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கம். கிறீச் என்று ஒரு சத்தம் வரும். உடனே முழுக்கச் சுற்றாமல் கால் சுற்று வந்ததும் திரும்ப ஒயில் போட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடு. நட் தளர்ந்த பிறகு வண்டியை உருட்டாதே, வீல் பெயரிங் கெட்டுப்போகும். அப்போதுதான் ஜாக், அதோடு ஸ்டாண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையைக்கூட விடாதே, மகன்.

நெருப்புக் காட்டலாமா என்று கேட்டாய். வேண்டாம். உள்ளே கிறீஸ், ரப்பர் சீல், பக்கத்தில் பிரேக் ஹோஸ். அதிலும் நீ ஒயில் ஊற்றி வைத்திருக்கிறாய். மூன்று நாள் ஊறியும் அசையாவிட்டால் எனக்குச் சொல், நட்டின் ஒரு பக்கத்தை அறுத்து உளியால் பிளக்கலாம், அதற்கு நானே வருகிறேன்.

எதிர்லயத்துத் தம்பி புதன்கிழமை கொழும்புக்கு வருகிறான். என்னுடைய 30 நம்பர் (30 மில்லிமீற்றர்) ஆறு மூலைச் சொக்கட்டையும், அதற்கு மாட்டும் பவர் பார் கைப்பிடியையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். புது நட்டும் ஹட்டனில் வாங்கி வைத்திருக்கிறேன், பழையதைத் திரும்பப் போடாதே. புதுப் பின்கள் இரண்டும் சின்னது, தொலைந்துவிடும் என்று அம்மா தேயிலைப் பக்கற்றுக்குள் போட்டிருக்கிறாள். தேநீர் போடுமுன் அதை எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா