"ஆகாது" என்று சொன்னவர்களுக்கு

மரக்கிடங்கு அண்ணாச்சி, பட்டறை அண்ணாச்சி, சமையல் மாஸ்டர் அண்ணாச்சி, மதினி, இன்னும் என்னைத் திருத்தி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம்.

இருபத்துமூன்று கத்திகளுக்கும் பிடி போட்டு முடித்துவிட்டேன். கடைசிக் கத்தி போன வாரம் ஒரு மறுவீட்டு விருந்தில் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்புக்குக் காய் நறுக்கிவிட்டு வந்திருக்கிறது. பிடி ஆடவில்லை. அதைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்தபோது மாஸ்டர் அண்ணாச்சியின் பாத்திர அறையும் மூழ்கியது. அண்டாவும் குண்டாவும் கழுவியதோடு சரியாகிவிட்டன. சேற்றில் கிடந்த கத்திகளுக்குத்தான் கேடு. மரப்பிடிகள் ஊறி, பிளந்து, கழன்றுவிட்டன. லாரி வில்பட்டையில் அடித்த இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "பிடி போட ஆள் இருந்தால் சொல்லு தம்பி" என்றார். ஞாயிற்றுக்கிழமைத் தச்சனான நான், "ஆள் எதற்கு, நானே போடுகிறேன், மரத்துக்கும் காசு வேண்டாம்" என்று வாயைக் கொடுத்தேன். துறைமுகச் சரக்கோடு வந்து, உடைந்ததும் கழித்துப் போடப்படுகிற பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளை, மனத்தில் வைத்துச் சொன்ன பேச்சு அது.

மரக்கிடங்கு அண்ணாச்சி, தூத்துக்குடி சாலையில் உங்கள் கிடங்குக்குள் நுழைந்ததும் நான் கைவைத்தது நீல வண்ணம் பூசிய பேலட்டில். "அது வாடகைச் சரக்கு, கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டியது" என்று தள்ளி வைத்தீர்கள். அடுத்ததைத் திருப்பிப் போட்டு, ஓரத்தில் சூடு வைத்திருந்த முத்திரையைப் படிக்கச் சொன்னீர்கள். கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, அதற்குப் பின் பூச்சி ஒழித்த விதம். 'எச்.டி.' என்றால் மரத்தின் உள்ளே நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி 30 நிமிடம் நின்றது என்று பொருள். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அன்று என் கையில் இருந்தது 'எம்.பி.' "சோறு ஆக்குகிற இடத்துக்கு இது ஆகாது." நல்ல முத்திரை இருந்த பலகைகளையும் நீங்கள் விடவில்லை, எண்ணெய்க் கறையும் மருந்து வாடையும் இருந்தவற்றை மோந்து பார்த்தே ஒதுக்கினீர்கள். வண்டி நிறைய அள்ளிப் போகலாம் என்று வந்தவன் அரை நாள் கழித்து ஆறு பலகையோடு திரும்பினேன்.

பேலட் ஆணி முறுக்கு ஆணி. நெம்பினால் பலகைதான் பிளக்கும். இரண்டு பலகைக்கும் நடுவில் இரும்பு ரம்பத்தின் பிளேடை விட்டு ஆணியை அறுக்கவும், மரத்துக்குள் தங்கிப்போன துண்டைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஓட்டிக் கண்டுபிடிக்கவும் உங்கள் கிடங்குப் பையன் காட்டிக்கொடுத்தான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் என் இழைப்புளித் தகடு முதல் நாளே பல் இழந்திருக்கும்.

முதல் பிடி பைன் மரம். வெள்ளை வெளேர் என்று, கோடு கோடாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாஸ்டர் அண்ணாச்சி அதை வாங்கி, ஒன்றும் பேசாமல் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார். பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. கத்தி என் கைக்கே திரும்பி வந்தது. அதன்பின் கிடங்கில் பலகையைத் தூக்கி, கனத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். அப்படிக் கிடைத்தது ஓக் மரம். ஆணி இருந்த ஓட்டையைச் சுற்றிக் கருவளையம் பிடித்திருந்தது. ஓக்கில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். ஒரு பிடியில் அந்த வளையத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். மதினி அதற்குத் திருஷ்டிப்பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மதினிக்கு நன்றி சொல்லத் தனி மடலே எழுத வேண்டும். இரண்டாவது பிடியைப் பார்த்து, "அழகாகத்தான் இருக்கிறது, கை நோகிறது" என்றார்கள். எங்கே நோகிறது என்று கேட்டால் எனக்கு விளங்கும்படி சொல்ல வரவில்லை. பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளி, கத்தியைப் பிடிப்பது போல இறுகப் பிடித்து, "இந்தா, இதுதான் என் கை" என்று என்னிடம் கொடுத்தார்கள். நான்கு விரல் தடமும் உள்ளங்கையின் மேடும் அதில் பதிந்திருந்தன. நான் தட்டையாக விட்ட இடத்தில் அவர்களுக்குப் புடைப்பு வேண்டும். நான் அழகுக்காகக் குடைந்த இடத்தில் அவர்களுடைய சுண்டுவிரல் தரிக்க இடமே இல்லை. அந்த உருண்டையை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற பிடிகளை அரத்தால் ராவினேன்.

பட்டறை அண்ணாச்சி, அரக்கில் செங்கல் தூளைக் கலந்து உருக்கி ஊற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அரிவாளுக்குச் சரி, வெந்நீரில் கழுவுகிற கத்திக்கு அரக்கு இளகிவிடும் என்றீர்கள். அரால்டைட் பசைக்கு மாறியதும் உங்கள் யோசனைதான். பிடிக்குள் போகும் இரும்பு வாலைச் சொரசொரப்பாகத் தேய்த்த பிறகு பசை தடவியதும், கிளாம்பை அளவாக இறுக்கியதும் நீங்கள் சொல்லித்தான். முறுக்கிப் பிழிந்தால் பசை முழுக்க வெளியே வந்துவிடுகிறது. துளை போடும்போது அலகில் ஈரச்சாக்கைச் சுற்ற வைத்தீர்கள், சூட்டில் இரும்பில் நீலம் ஓடி முனைக்குப் போனால் பதம் போய்விடும் என்று. பித்தளை ரிவிட்டை ஓங்கி அடித்து இரண்டு பிடிகளைப் பிளந்தது மட்டும் என் சொந்தச் சாமர்த்தியம்.

அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிற பெரியவர், பூண் போட்ட மூன்று உருண்டைப் பிடிகளைக் கடைந்து தந்தார், கூலி வாங்கவில்லை. சொப்பு போலவே பளபளவென்று அரக்கு ஏற்றக் கேட்டேன். ஈரக்கையில் வழுக்கும் என்று மறுத்துவிட்டார். ஆளிவிதை எண்ணெய் தந்த பெயிண்ட் கடைக்காரருக்கும் நன்றி. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று அவர் சொல்லாவிட்டால் எனக்கு எங்கே தெரியும்? இப்போது கொடிக்கயிற்றில் துணிமணியோடு எண்ணெய்க் கந்தலும் விரிந்து தொங்குகிறது. வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு ஓக் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. மதினியின் இன்னொரு கத்தியும் வந்து காத்திருக்கிறது. ஆனால் அந்தச் சப்பாத்தி மாவு உருண்டையில் சுண்டுவிரல் இருந்த பக்கத்தை எலி தின்றுவிட்டது. மதினி, அடுத்த தடவை மாவு பிசையும்போது ஓர் உருண்டை பிடித்துக் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தம்பி,
பாளையங்கோட்டை