ஐயா, நாங்களா இழுக்கச் சொன்னோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், தொடக்கம் முதல் முடிவு வரை சலிக்காத தொடர்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பத்தும் வெளிநாட்டுத் தொடர்கள். அதற்காக நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன், நல்லது எங்கே இருந்தாலும் நல்லதுதான். ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார். தமிழில் இப்படி ஒன்று வராததற்குக் காரணம், சிற்றூர்ப் பெண்கள் இழுவையைத்தான் விரும்பிப் பார்க்கிறார்களாம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். களி நன்றாகவே இறங்கியது. தூக்கம்தான் வரவில்லை.

முப்பத்தோரு வருடம் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாலக்கோட்டுப் பக்கம் ஊர். ஆகவே கட்டுரையாளர் சொல்லும் அந்தச் சிற்றூர்ப் பெண் சாட்சாத் நானேதான். 1999 கடைசியில் 'சித்தி' தொடர் ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் டிவி இருந்தது மூன்று வீட்டில். அதில் ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்து உட்கார்ந்ததிலிருந்து இன்று வரை நான் பார்த்த தொடர்களுக்குக் கணக்கில்லை. ஒரு தடவைகூட யாரும் என்னிடம் வந்து "அம்மா, இன்னும் இருநூறு நாள் இழுக்கட்டுமா?" என்று கேட்டதில்லை.

எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமை தோறும் ரேட்டிங் வருவதும், அது ஏறினால் கதை நீள்வதும், இறங்கினால் கதாநாயகிக்கு விபத்து நடந்து நினைவு தப்பிப்போவதும் பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தெரியாததா? அந்தக் கணக்கெடுக்கும் கருவி நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில்தான் இருக்கிறது. மீதிக் கோடிக்கணக்கான வீடுகளின் ருசியை அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். சரி, சொல்லட்டும். பழியை மட்டும் ஏன் பாலக்கோட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

2012இல் மின்வெட்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் இருந்தவர்களுக்கு அது இரண்டு மணி நேரம், அதனால் மறந்திருக்கலாம். எங்களுக்குப் பாதி நாளுக்கு மேல் கரண்ட் கிடையாது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொடரை மூன்று மாதம் சரியாகப் பார்க்க முடியவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று மருமகள் கையில் கல்யாணப் பத்திரிகையோடு மாமியார் அறை வாசலில் நின்றாள். மூன்று மாதம் கழித்து கரண்ட் ஒழுங்காக வந்த அன்று போட்டால், அவள் இன்னும் பத்திரிகையோடு நிற்கிறாள். புடவை மட்டும் மாறியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, கரண்ட் இல்லாத நேரத்தில் அவளும் உள்ளே போகாமல் நமக்காகக் காத்திருந்தாள்" என்றார். இதைத்தான் நாங்கள் விரும்புகிறோம் என்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

ஐயா, கதை எங்கே முடிய வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய சங்கதி இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள். மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து. விடிய விடிய உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காலையில் அப்படியே மையத்துக்குப் போய் அரிசி களைந்திருக்கிறேன். துரியோதனன் சாவான் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கர்ணன் விழும் ராத்திரி அழாத பொம்பளையை நான் பார்த்ததில்லை. கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் மண்ணால் அத்தனை பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். தொடை பிளக்கும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், பெண்கள் முறத்தோடும் துடைப்பத்தோடும் வருவார்கள். சாயங்காலம் தீமிதி. அத்தோடு சரி. பாரதம் நல்ல கூட்டம், ஆகவே பத்தொன்பதாம் நாள் துரியோதனனுக்கு ஒரு தம்பி மகன் புதிதாகக் கிளம்பி வந்தான் என்று எந்தக் கூத்து வாத்தியாரும் ஆட்டத்தை நீட்டியதில்லை. நீட்டியிருந்தால் அந்தத் துடைப்பம் வாத்தியார் பக்கம் திரும்பியிருக்கும்.

கட்டுரையாளருக்குத் தமிழில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாமே, அதற்கு வருகிறேன். மர்மதேசம் என்று ஒன்று வந்ததை அவர் கேள்விப்பட்டதில்லையா? இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், பாலசந்தர் அவர்களின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதில் 'விடாது கருப்பு' வந்த காலத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே என் பையன் என் முந்தானைக்குள் வந்துவிடுவான். வாரம் ஒரு நாள்தான் வரும், அடுத்த வாரம் வரை ஊரே அதைப் பேசும். போன வருடம் பேரன் யூடியூபில் போட்டுக் கொடுத்தான், முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். குற்றவாளி யார் என்று தெரிந்துகொண்டே பார்த்தால் துப்பெல்லாம் முன்னாலேயே கண் முன் கிடக்கிறது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவருக்குத்தான் அது முடியும்.

தினசரித் தொடரில் சுத்தமாக ஒன்றைச் சொல் என்றால் நானும் கொஞ்சம் திணறுவேன். மெட்டி ஒலி, 2002 முதல் 2005 வரை, 800 எபிசோடுக்கு மேல் ஓடியது. நடுவில் தொய்வு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சரோ மாமியாரிடம் பட்ட பாட்டில் பாதியைக் குறைத்திருக்கலாம். ஆனால் ஒரு தகப்பன், ஐந்து பெண்கள் என்ற கணக்கு அதற்கு இருந்தது. அதனால்தான் 2020 ஊரடங்கில் திரும்பப் போட்டபோதும் எங்கள் தெருவில் பார்த்தார்கள். எதிர்நீச்சல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆதி குணசேகரனை வைதுகொண்டே விடாமல் பார்த்தோம். 2023 செப்டம்பரில் அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்துபோனார். அதற்கு யாரை நோவது? அவர் இடத்துக்கு வந்த வேல ராமமூர்த்தியிடமும் குறை இல்லை. கதைதான் அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. 2024இல் முடித்தார்கள். அதே வருடக் கடைசியில் 'தொடர்கிறது' என்று மறுபடியும் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் அயலி என்ற இணையத் தொடர். 2023இல் வந்தது, எட்டே எபிசோடு. பெரிய மனுஷி ஆனதை வீட்டில் மறைத்துப் பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் கதை. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் என்று காட்டியிருந்தார்கள். எங்களுக்கு அது ஊரே மாறவில்லை. எங்கள் சத்துணவு மையத்தில் எட்டாம் வகுப்புத் தட்டு எண்ணிக்கை 41 இருக்கும், கோடை விடுமுறை முடிந்து பார்த்தால் 38. அந்த மூன்று தட்டும் எங்கே போயின என்று டீச்சருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இதை எட்டு எபிசோடில் வைத்து, ஒரு இடத்திலும் பிசகாமல் முடித்த தொடரைப் பற்றி உங்கள் இதழில் அப்போது எத்தனை வரி வந்தது? நான் தேடிப் பார்த்தேன். அந்த வாரம் ஆடித் தள்ளுபடி மாதிரி இரண்டு பக்கத்துக்கு நடிகைகளின் புடவைப் படம் வந்திருந்தது.

வெளிநாட்டுச் சங்கதியும் எனக்கு அடியோடு தெரியாதென்று நினைத்துவிட வேண்டாம். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லச் சொல்ல, பிரேக்கிங் பேட் 62 எபிசோடும் பார்த்தவள் நான். வாத்தியார் ஒருவர் போதை மருந்து காய்ச்சிக் கெட்டுப்போகிறார், அதற்குரிய கூலியை வாங்குகிறார். உங்கள் பட்டியலில் அது முதலிடத்தில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அங்கே எல்லாம் ஒழுங்கு என்று எழுதாதீர்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ் 2019இல் எட்டாவது சீசனோடு முடிந்தபோது, கடைசி சீசனைத் திரும்ப எடு என்று பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் போட்டால் ரசிகர்கள் கொதிப்பு. நாங்கள் முணுமுணுத்தால் சிற்றூர் ரசனை.

எங்கள் மாவட்டத்தின் மேல் உங்கள் இதழுக்கு இருக்கும் அக்கறையும் தெரிந்ததுதான். ஆடிப்பெருக்கு வந்தால் ஒகேனக்கல் பரிசல் படம் ஒன்று, வீரப்பனைப் பற்றி யாராவது படம் எடுத்தால் அவனைச் சுட்ட பாப்பாரப்பட்டியின் பெயர் ஒரு தடவை. கூத்துக் கலைஞர்களைப் பற்றி எழுதுங்கள் என்று நான் போட்ட மூன்று கடிதமும் தபாலில் தொலைந்திருக்கும் என்றே இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இழுவையைப் பற்றி எழுதுகிறீர்களே, ஏழெட்டு வருடத்துக்கு முன் உங்கள் இதழில் ஒரு தொடர்கதை வந்தது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, கணவனை விட்டுவிட்டு ராத்திரி பஸ் நிலையத்துக்கு வருவாள். பதிமூன்றாம் அத்தியாயம் அங்கே நின்றது, கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் ஜோதிடம். ஒரு அறிவிப்பு இல்லை, வருத்தம் இல்லை. இழுத்தாலாவது என்றைக்காவது ஒரு நாள் முடியும்.

நான் கேட்பது இரண்டு. இனிமேல் எந்தத் தொடரைப் பற்றி எழுதினாலும் பக்கத்தில் சின்ன எழுத்தில், மொத்தம் எத்தனை எபிசோடு, முடிந்துவிட்டதா இல்லையா என்று போடுங்கள். எங்களைப் போல வேலைக்கு நடுவில் பார்க்கிறவர்கள் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்க உதவும்.

இன்னொன்று, அந்தப் பெண் பஸ் ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா என்று எழுதியவரிடம் கேட்டு இரண்டு வரி போட்டாலும் போதும். பதிமூன்று அத்தியாயத்தையும் கத்தரித்து நூல் கோத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.